மாப்பிள்ளை கேட்ட பெரிய டர்போ

உட்காரச் சொன்னதற்கு நன்றி இன்ஸ்பெக்டர் சார். நாள் முழுக்க வண்டிக்கடியில் கிடக்கிறவனுக்கு நாற்காலி என்றாலே சொகுசுதான்.

மாப்பிள்ளையின் காருக்கு டர்போ மாற்றியது நான்தான். தங்கை புருஷன் கேட்டால் மறுக்க முடியுமா? டர்போ ஒன்றும் பெரிய கம்பசூத்திரமில்லை. வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும், அது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். சின்ன டர்போ சட்டென்று சுழலும். மிதித்ததுமே இழுவை கிடைக்கும், ஆனால் வேகம் ஏற ஏற மூச்சு வாங்கும். பெரியது சோம்பேறி. இன்ஜின் நன்றாக வேகமெடுத்துச் சுற்றிய பிறகுதான் எழும். எழுந்துவிட்டால் ஹார்ஸ்பவரை அள்ளிக் கொட்டும்.

அவர் காருக்கு முதலில் சின்னதுதான் போட்டேன். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அதுதான் சரி. அவரோ விருந்தில் எல்லார் முன்னாலும், "மச்சான் போட்டது டர்போவா, டேபிள் ஃபேனா?" என்று கேட்டார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஜோக் நன்றாகத்தான் இருந்தது.

"இருக்கறதுலயே பெருசைப் போடுங்க மச்சான். ஹார்ஸ்பவர் சும்மா எகிறணும்," என்றார்.

போட்டேன். ஒரு போல்ட்கூடத் தளர்வில்லை, உங்கள் நிபுணரே சொல்லியிருப்பார். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவருடையது சின்ன டர்போவுக்குப் பழகிய கால். லாரியை முந்த வெளியே எடுத்து மிதித்தால், வண்டி முன்புபோல உடனே பாயாது. கொஞ்ச நேரம் சும்மா உருளும். எதிரே வருகிறவன் அதற்குள் வந்துவிடுவான். மற்ற கஸ்டமர்களை உட்காரவைத்து இதைப் பாடமே எடுப்பேன். இவர் ஓட்டித் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். லாரிக்குப் பக்கத்திலேயே கார் திணறிக்கொண்டிருந்ததாம், எதிரே பஸ்.

தயவுசெய்து விபத்து என்று எழுதிக் கேஸை மூடிவிடாதீர்கள். என் வேலையில் ஏதோ கோளாறு என்று ஊர் பேசும். அவர் சாகட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சாவி வாங்க வந்தது தங்கை. "ஏண்ணா, எதாச்சும் பாத்து ஓட்டணுமா? நானும்தான் கூடப் போறேன்," என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. சந்தோஷமா போய்ட்டு வாங்க," என்று சாவியை அவள் கையில் கொடுத்தேன்.

இரண்டு பேர் உடலையும் அடையாளம் காட்டியது நான்தான். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது சார்.