மச்சான் வீட்டுக் கோடரி ஈட்டி

உங்கள் மேஜை ஆடுகிறது ஐயா. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடும். கண்ணில் பட்டால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. என் தொழில் அப்படி.

அலங்கார ஆயுதங்கள் செய்து விற்கிறேன். பழைய காலத்துக் காவல் வீரர்கள் பிடித்து நின்ற நீளக் கம்பு ஆயுதங்களின் நகல்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவர்கள். சோபாவுக்கு மேலே ஒரு கோடரி ஈட்டியை மாட்டியதும் அவர்களுக்கு மீசையை முறுக்கத் தோன்றும். அதனால் எதற்கும் கூர் வைக்க மாட்டேன். மெல்லிய தகடு, மழுங்கிய விளிம்பு, மேலே பளபளப்பு. வீரம் சுவரில் இருக்க வேண்டும், விரலில் ரத்தம் வரக் கூடாது.

என் மனைவியின் அண்ணனுக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். ஆள் உயரத்தைத் தாண்டும் கம்பு, நுனியில் ஈட்டி, ஒருபக்கம் கோடரி, மறுபக்கம் கொக்கி. மச்சான் குளியலறை ஓடுகள் விற்கிறவர். சொந்தபந்தத்தில் அவருக்குத் தளபதி என்று பெயர். அவர் இதுவரை நடத்திய ஒரே போர் பக்கத்து வீட்டுக்காரரோடு, வண்டி நிறுத்தும் இடத்துக்காக. அதிலும் தோற்றார்.

விருந்தாளி யார் வந்தாலும் ஈட்டியைக் கழற்றுவார். கோடரி விளிம்பைத் தன் கழுத்தில் வைத்து இழுத்துக் காட்டுவார்.

"பாத்தீங்களா? வெண்ணெய்கூட வெட்டாது. நம்ம மாப்ள மாதிரியேதான். தங்கச்சி முகத்துக்காக மாட்டி வெச்சிருக்கேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள், கடைசியாக, கொஞ்சமாக. வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அண்ணன் விளையாட்டுக்குத்தாங்க சொல்றாரு" என்பாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். விளையாட்டு என்றால் இரண்டு பேரும் ஆட வேண்டும் அல்லவா.

துரு பிடித்திருக்கிறது, மெருகேற்றித் தருகிறேன் என்று ஈட்டியை வாங்கி வந்தேன். கோடரித் தலையை மட்டும் நல்ல எஃகில் புதிதாக அடித்தேன். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பொறுமையாகச் சாணை பிடித்தேன். பார்வைக்குப் பழையதேதான். ஒரு காகிதத்தை அதன்மேல் நழுவவிட்டேன், இரண்டாக விழுந்தது. இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரே நிஜமான பொருள் அது.

போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"அண்ணனுக்காகவா இவ்வளவு மெனக்கெட்டீங்க?"

"சொந்தம்னா செய்யணும்ல" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நானே கொண்டுபோய் மாட்டினேன். அந்த வாரமே மச்சான் மகளுக்குப் பிறந்தநாள். வீடு கொள்ளாத கூட்டம். மச்சான் வழக்கம்போல ஈட்டியைக் கழற்றினார். நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நான் தட்டோடு நின்றுகொண்டேன். கழுத்தருகே கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

"எப்பவும் நானேவா? தங்கச்சி, நீ வா. உன் வீட்டுக்காரர் செஞ்ச பொம்மை, நீதான் கழுத்தைக் குடுக்கணும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போகட்டுமாங்க?"

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். யோசித்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். கூராக இருக்கிறது என்றால், எதற்குக் கூர் வைத்தாய் என்பார்கள். அத்தனை பேர் முன்னால் அசிங்கம். தவிர, பொம்மை என்று அவர் சொன்னது அப்படியே நின்றுவிடும்.

"போயேன்" என்றேன்.

மச்சான் சிரித்துக்கொண்டே இழுத்தார். சத்தம் எதுவும் இல்லை. நல்ல கூருக்குச் சத்தம் வராது. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாரும் அதைப் பொம்மை என்று சொல்லவில்லை.

மச்சானை விட்டுவிடுங்கள் ஐயா. கை அவருடையது, கூர் என்னுடையது. அவர் கழுத்துக்காக வைத்த கூர் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். மனைவி மீது எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. நான் எவ்வளவு பாசக்காரன் என்பதை, அவள் இருந்திருந்தால், அவளே வந்து உங்களுக்குச் சொல்லியிருப்பாள்.