தழும்புக்காரன் செத்தானா, பிழைத்தானா?

விழாவின் தலைவர் அவர்களே! முப்பத்தொரு ஆண்டுகள் பேருந்தில் நடத்துநராக நின்று, இன்று நாற்காலியில் நடுநாயகமாக அமர்ந்து, அரியலூர் ஆங்கில அதிரடிப்பட ரசிகர் மன்றத்தை நடத்திவரும் திரு இராமலிங்கம் அவர்களே! வெயிலையும் வெக்கையையும் பாராமல் வந்து குழுமியிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெரம்பலூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் அன்பர்களே! அரும்பாவூரிலிருந்து கௌபாய் தொப்பியோடு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் இருப்பவர்களுக்கு மேடையே தெரியாமல் செய்துகொண்டிருக்கும் மூன்று வீரர்களே! தொப்பியைக் கழற்றுங்கள், சாமி. நன்றி. இரண்டாவது வரிசையின் கோடியில், என்னைப் பார்க்கக் கூடாது என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும் செல்வம்மாளே! உங்கள் அனைவருக்கும், ஆண்டிமடத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் வீராயியின் பணிவான வணக்கம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எனக்கு எதற்கு ஒலிபெருக்கி என்று கேட்பீர்கள். மன்றச் செயலாளர் தமிழ்மாறன் வீடு தேடி வந்து, "அம்மாயி, இந்த வட்டாரத்துல கௌபாய் படத்தைப் பத்தி உங்க அளவுக்கு யாருக்கும் ஞாபகம் இல்ல, நீங்கதான் பேசணும்"னு கேட்டார். "பேசுறேன், ஆனா எனக்கு ஒரு படத்தைக் கடேசி வரைக்கும் காட்டணும்"னேன். காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்தப் படம்தான் இன்று இங்கே ஓடப்போகிறது. அதன் முடிவைப் பார்ப்பதற்காக நாற்பத்தெட்டு ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன். இதை எல்லாரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் வந்தேன். இதற்காகத்தான் இவ்வளவு வணக்கமும் சொன்னேன்.

ஆங்கிலப் படம் உங்களுக்கு என்ன புரிந்தது என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. நான் திருப்பிக் கேட்கிறேன். குதிரைக்கு ஆங்கிலம் தெரியுமா? துப்பாக்கிக்கு இலக்கணம் தெரியுமா? நல்லவன் கண் சுருங்குவதற்கு அகராதி வேண்டுமா? கெட்டவன் பல் தெரிவதற்கு உரையாசிரியர் வேண்டுமா? புழுதி பறந்தால் பகை வருகிறது. கதவு ஆடினால் சண்டை வருகிறது. கடைக்காரன் சன்னலைச் சாத்தினால் சாவு வருகிறது! எங்களுக்குப் புரியாதது என்ன இருந்தது? சிமெண்டு லாரி போன பிறகு நம் ஊர் ரோடு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவன் ஊரும் இருந்தது. அதே புழுதி. அதே வறண்ட ஓடை. அதே முள்.

ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்தோம். ரயிலைக் கொள்ளையடித்தால் அது 'ரயில் படம்'. சுருட்டைக் கடித்துக்கொண்டே பேசினால் 'சுருட்டுக்காரன் படம்'. ஒருவன் பாலத்தில் ஒற்றைக் கையால் தொங்குவான், கீழே ஆறு ஓடும், அது 'தொங்கினான் படம்'. "தொங்கினான் படம் மறுபடி வந்துருக்காம்"னு சொன்னால் ஊரில் அத்தனை பெண்களுக்கும் எது என்று தெரியும்.

எங்களை ஏமாற்றவும் முடியாது, அய்யா! அவன் துப்பாக்கியில் ஆறு குண்டு. அந்த ஆறையும் தரைச்சீட்டில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவோம். ஏழாவது சத்தம் கேட்டால் செல்வம்மாள் எழுந்து நின்றுவிடுவாள். "ஏய், ஆறு முடிஞ்சிபோச்சு, எங்கருந்துடா வருது உனக்கு?" கொட்டகையே சிரிக்கும். இன்றைய படத்தில் ஒருவன் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுடுகிறான். எண்ணுவதற்கு விரல் எங்கே இருக்கிறது? எண்ண முடியாத குண்டுக்கு என்ன மரியாதை இருக்கிறது?

குறையும் கண்டோம். மூன்று நாள், மூன்று இரவு, மலை ஏறி மணல் இறங்கி ஓட்டுகிறானே, அந்தக் குதிரைக்கு எவனாவது ஒரு வாளி தண்ணீர் காட்டினானா? ஆயிரம் மாடு ஓட்டிப் போகிறார்கள், ஒருவனாவது குனிந்து சாணி அள்ளிப் பார்த்தோமா? அவ்வளவு சாணியும் அங்கே என்ன ஆனது? இந்தச் சந்தேகம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. தெரிந்தவர்கள் பிறகு சொல்லுங்கள்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படம் பார்த்த நாங்கள், எத்தனை படத்துக்கு முடிவு பார்த்தோம் தெரியுமா? ஒன்றுக்குக்கூட இல்லை! ஒன்றே ஒன்றுக்குக்கூட இல்லை!

ஏன்? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காட்சி. விளம்பரம் போட்டு, செய்திப்படம் போட்டு, படக்கருவி நின்று, சீழ்க்கை பறந்து, படம் தொடங்க மூன்றரை ஆகும். முடிய ஐந்து இருபது. எங்கள் ஊர்ப் பேருந்து ஐந்து பத்து. அதை விட்டால் மறுநாள் காலைதான். பத்தே நிமிடம்! பத்து நிமிடம் அந்த வண்டியை நிறுத்தி வையுங்கள் என்று கெஞ்சினோம், கேட்டோம், கும்பிட்டோம். அந்த வண்டியின் நடத்துநர் சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது. "உங்க சினிமாவுக்காவ கவர்மெண்டு வண்டி நிக்குமா? ஏறு, ஏறு, உள்ள போ!"

அந்த நடத்துநர்தான் இன்றைய விழாத் தலைவர்.

கை தட்டாதீர்கள். அவர் சிரிக்கிறார் பாருங்கள். சிரியுங்கள், தலைவரே, சிரியுங்கள். இனிமேல்தான் இருக்கிறது.

எழுபத்தாறாம் ஆண்டு, பங்குனி மாதம். முந்திரிப்பழம் பொறுக்குகிற காலம். வழக்கமாக வரும் ஐந்து பேரில் நான் ஒருத்திதான் தப்பித்து வந்தேன். படம், தழும்புக்காரன் படம். அண்ணனைக் கொன்றவர்களைத் தேடி, கன்னத்தில் தழும்போடு ஒருவன் ஊருக்குள் வருகிறான். ஒரு விதவை அவனுக்குத் தண்ணீர் தருகிறாள். அவளிடம் ஒற்றைக் காது கோவேறு கழுதை ஒன்று இருக்கிறது. உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. எதிரே ஏழு பேர். சுடுகிறான். ஒன்று. இரண்டு. மூன்று, நான்கு. ஒருவன் கூரையிலிருந்து உருண்டு விழுகிறான், ஐந்து! என் கையில் ஒரே ஒரு விரல்தான் மடக்காமல் இருக்கிறது. அவனிடம் ஒரே ஒரு குண்டு. எதிரே இரண்டு பேர்! பக்கத்துக்கு ஒருவராக நிற்கிறார்கள். அவன் கண்ணைச் சுருக்குகிறான்...

மணி ஐந்து ஏழு. எழுந்து ஓடினேன். அந்த ஒரு விரலோடு ஓடினேன், தாய்மார்களே!

வண்டியில் ஏறியதும் நடத்துநரைக் கேட்டேன். "ஏங்க, நீங்க டவுன்லயே இருக்குறவங்க, பாத்திருப்பீங்க. தழும்புக்காரன் என்ன ஆனான்?" சீட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார். "செத்துட்டாம்மா. நெத்தியிலயே வாங்கிட்டான்."

ஊர் வரை அழுதுகொண்டு போனேன்.

அடுத்த ஞாயிறு அதே படத்துக்குச் செல்வம்மாள் போனாள். திங்கட்கிழமை முந்திரித் தோப்பில் நின்றுகொண்டு, அவன் பிழைத்துவிட்டான், விதவையைக் கட்டிக்கொண்டு குதிரையில் போய்விட்டான் என்கிறாள்!

"அவன் செத்துட்டான்டி"ன்னேன்.

"உன் வாயால அவன் ஏண்டி சாவணும்?"னாள்.

"அன்னிக்கி வண்டி லேட்டுடி, நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்"னேன்.

"நேத்தும் லேட்டுதான், நானுந்தாண்டி கண்ணால பாத்தேன். பொய்ச்சிறுக்கி!"

பழக்கூடையைக் கீழே போட்டேன். அவளும் போட்டாள். அன்றிலிருந்து நாங்கள் பேசவில்லை. அவள் மகள் கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன், அவளிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரர் காலமானபோது அவள் வந்தாள், என் தலைமாட்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள், என்னிடம் பேசவில்லை. பொய்ச்சிறுக்கி என்று சொன்னாளே, அந்தச் சொல் குறுக்கே கிடந்தது. போன வருடம் என் பேத்தியிடம் போனைக் கொடுத்து தழும்புக்காரன் படத்தைத் தேடச் சொன்னேன். தழும்பு போக்கும் களிம்பு விளம்பரம் வந்தது. கடைசியில் அந்த ஒற்றைக் காது கழுதையை வைத்துத்தான் தமிழ்மாறன் கண்டுபிடித்தார்.

யார் அங்கே கை தூக்குவது? என்னது, நீ பார்த்திருக்கிறாயா? டேய், நீ ராஜவேல்தானே? வாயைத் திறந்தாயானால் மேடையை விட்டு இறங்கி வந்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் அவன் வாயைப் பொத்துங்கள். நன்றி.

பெரியோர்களே, தாய்மார்களே! இத்தனை பேர் முன்னிலையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் கண்ணால் பார்க்கவில்லை. முடிவு தெரியாமல் ஓடி வந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, கண்டக்டர் சொன்னதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னேன். அவள் என்னைப் பொய்ச்சிறுக்கி என்றாள். அந்த மட்டுக்கும் அவள் சொன்னது சரி. எனக்குச் சொன்னவர் இதோ இருக்கிறார், இராமலிங்கம்.

யார் அது கத்துவது? யார்? செல்வம்மாவா?

கேட்டீர்களா? கடைசி வரிசைக்குக் கேட்டதா? நாற்பத்தெட்டு ஆண்டுக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்து சொல்கிறாள்: "எனக்கும் கண்டக்டர்தாண்டி சொன்னாரு!"

அப்படியானால் நீயும் பார்க்கவில்லையா? பார்க்கவில்லையாம்! அவளும் ஐந்து ஏழுக்கு எழுந்து ஓடியவள்தானாம்!

தலைவர் அவர்களே! ஒரே நடத்துநர். ஒரே வண்டி. ஒரே படம். எனக்கு ஒருவனைக் கொன்றீர்கள், அடுத்த வாரம் அவளுக்கு அவனையே பிழைக்க வைத்து, விதவைக்குக் கட்டியும் வைத்தீர்கள். இந்தாருங்கள் ஒலிபெருக்கி. சொல்லுங்கள். செத்தானா, பிழைத்தானா?

"எனக்குத் தெரியாதும்மா"ங்கிறார்! என்ன? இன்னும் சத்தமாக. "நானும் பாக்கலம்மா. அஞ்சு பத்துக்கு வண்டி எடுக்குறவன் எப்படிம்மா அஞ்சு இருவதுக்குக் கொட்டாயில இருப்பேன்? மொத வாரம் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி வறுத்தெடுத்துட்டாரு, அந்த எரிச்சல்ல கொன்னுட்டேன். மறுவாரம் அந்தம்மா ஏறும்போதே அழுதுகிட்டு ஏறுச்சு, பாவமா இருந்துச்சு, பொழைக்க வச்சேன்."

சிரியுங்கள். எல்லாரும் சிரியுங்கள். நானே சிரிக்கிறேன். ஆக, இந்த மண்டபத்தில் அவர் பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை! பார்க்காத ஒன்றுக்காகப் பாதி ஆயுள் பகை பாராட்டியிருக்கிறோம்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இப்போது மணி நான்கு. ஆறு மணிக்கு மண்டபத்தை ஒப்படைத்தாக வேண்டும், மாலையில் வரவேற்பு இருக்கிறதாம். படம் ஒரு மணி ஐம்பது நிமிடம். மூன்றாம் வகுப்பானாலும் கூட்டல் எனக்கு வரும். நான்கு பத்துக்குத் தொடங்கினால் முடிவு உண்டு. ஒரு நிமிடம் தாண்டினால் இன்றைக்கும் அந்த ஒரு குண்டோடு எழுந்து போக வேண்டியதுதான்! எனக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறார்கள்? வாழ்த்துரை நான்கு. பொன்னாடை இருபத்தொரு பேருக்கு. அதற்குப் பிறகு தலைமையுரை, ஒன்பது பக்கம். நான் பார்த்துவிட்டேன், தலைவர் மடியில் இருக்கிறது.

துப்பாக்கிப் படத்தைப் போற்ற எத்தனை துப்பட்டா வேண்டும்? வாய் பேசாத வீரனை வாழ்த்த எத்தனை வாய் வேண்டும்? அவன் படம் முழுவதும் இருபது வார்த்தைதான் பேசினான், அய்யா! அவன் பெயரால் நாம் இரண்டு மணி நேரம் பேசலாமா? அவனிடம் நாங்கள் எதைக் கற்றோம்? தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை, ஒரு குண்டு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை! அந்தச் சிக்கனத்துக்காகத்தானே அவனைக் கொண்டாடினோம்? அதைக் கொண்டாட வந்த இடத்திலேயே அதைக் கொன்றுவிடலாமா?

வாழ்த்துரை வழங்க வந்திருக்கும் நால்வரே, உங்கள் வாழ்த்தை நாங்கள் பெற்றுக்கொண்டோம், உட்கார்ந்தபடியே இருங்கள். பொன்னாடை பெற இருப்பவர்களே, வாசலில் வாங்கிக்கொண்டு நீங்களே போர்த்திக்கொள்ளுங்கள், அழகாகத்தான் இருக்கும். தலைவர் அவர்களே! அன்றைக்கு உங்களிடம் பத்து நிமிடம் கேட்டேன், இல்லை என்றீர்கள். அப்போது சட்டம் உங்கள் கையைக் கட்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் கையில் ஒன்பது பக்கம்தான் இருக்கிறது. தருகிறீர்களா, இல்லையா?

எழுந்துவிட்டார். பேசத்தான் எழுகிறார் என்று நினைத்தேன்... இல்லை! மடிக்கிறார். நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "நானும் முடிவு பாக்கணும்மா"ங்கிறார். தட்டுங்கள் கையை! இப்போது தட்டுங்கள்! நாற்பத்தெட்டு ஆண்டுக் கோபத்தில் பாதியை இந்த இடத்திலேயே இறக்கி வைக்கிறேன். மீதியைப் படம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் பேச்சும் போதும். அழைத்த மன்றத்துக்கும், அலைந்து தேடிய தமிழ்மாறனுக்கும், சிரித்த வாய்களுக்கும், பொறுத்த காதுகளுக்கும் நன்றி. நன்றியுரை என்று தனியாக யாரும் கிளம்ப வேண்டாம், இதுதான் அது.

செல்வம்மா! அந்தக் கோடியில் இருந்தால் தூண் மறைக்கும். இங்கே வா, என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வா. ஆனால் ஒன்று, படம் ஓடும்போது தொணதொணக்கக் கூடாது. நாற்பத்தெட்டு வருடம் பேசாமல் இருந்தாய் அல்லவா, இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம் பேசாமல் இரு.

விளக்கை அணையுங்கள், தமிழ்மாறன். வணக்கம்!