திரையில் அறுநூறு

– ஃபோனை வெச்சிடாத மாமா. இப்ப எங்க நிக்கிற, அதை மட்டும் சொல்லு.

– இன்னா எழிலு, ட்யூட்டில கீறேன்னு தெரியும்ல? மணலி பிளான்ட்டுல, அதே ஷெட்டு, அதே கேஸ் பைப்பு. சூப்பர்வைசரு பாத்தான்னா பேஜாரு பண்ணுவான்.

– பைப்பு எவ்ளோ சூட்டுல ஓடுது?

– ஐநூறு. உங்க லேபுதானே ஓட்டலாம்னு சொல்லிச்சு?

– லேபு சொன்னது தப்பு.

– இன்னாது?

– உங்க பைப்புலேர்ந்து வெட்டிக் குடுத்த துண்டை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள்ள வெச்சு சூடு பண்ணோம்ல. ஸ்க்ரீன் அறுநூறு காட்டுறப்பதான் விரிசல் விட்டுச்சு. அதை நம்பித்தான் எங்க ஜெகதீசன் சார் ரிப்போர்ட் குடுத்தாரு.

– சரிதான? நூறு டிகிரி கேப்பு கீதே.

– ஸ்க்ரீன் காட்டுறது அடியில இருக்குற ஹீட்டரோட சூடு மாமா. துண்டோடது இல்ல. உள்ள காத்தே கெடையாது. துண்டு ஹீட்டர் மேல அங்கங்க மட்டும்தான் ஒட்டியிருக்கு. சூடு முழுசா ஏறவே இல்ல.

– அத்த நீ எப்டி கண்டுகினே?

– மனசு கேக்கல. காலையில அந்தத் துண்டு மேல ஒரு பொட்டு ஈயம் வெச்சுப் பாத்தேன். முன்னூத்தி இருபத்தேழுல உருகணும். ஸ்க்ரீன்ல நானூறு வந்தும் அப்டியே உக்காந்திருந்துச்சு. அதுக்கப்புறம்தான் உருகுச்சு. சூடு ஏற ஏற அந்த வித்தியாசமும் ஏறும்.

– அப்போ வெரிசல் உட்டது...

– ஐநூறு கிட்டயே. நீ இப்ப ஓட்டிட்டிருக்குற சூடு.

– உங்க சாரு இன்னான்றாரு?

– திங்கக்கெழம பேசலாம்னு கார்ல ஏறிட்டாரு. உங்க ஆபீசுல யாரும் எடுக்கல. நீயே கொறச்சுடு மாமா.

– நானா கொறச்சா மொத்த லைனும் நின்னுடும்டி. பர்மனென்ட் ஆவுற நேரம். கேட்டுக்கு வெளிய தள்ளிடுவானுங்க.

– தள்ளட்டும். நீ வூட்டுக்கு வந்தா போதும்.

– அழுவுறியா இன்னா?

– இல்ல. கொற.

– இரு... லைன்லயே இரு. டேய் துரை! பசங்கள இட்டுகினு வெளிய போடா! கேள்வி கேக்காத, ஓடு!... எழிலு, பர்னர அணைச்சுட்டேன். எவனாவது கேட்டா எம் பொண்டாட்டி சொன்னான்னு சொல்லிடறேன்.

– சொல்லு. மீட்டர் எறங்குதா?

– எறங்குது. நானூத்தி எம்பது... அறுவது... சர்ருனு எறங்குதுடி.

– அப்பாடா. போதும், நீயும் வெளிய வந்துடு.

– எழிலு...

– என்ன மாமா?

– மீட்டரு முன்னூறுக்கு எறங்கிடுச்சு, அது பர்னரோட சூடுதான் போல. ஆனா மேல உறை சுத்தாம உட்ட வளைவுல, உள்ள கேஸே பத்திகிச்சு போல, பைப்பு இருட்டுல கங்கு மாதிரி செவந்துகினே வருதுடி.