சலவை அறைத் தியானம்

— பையைக் கீழ வை. அதாவது, விஷயத்தைச் சொல்லிட்டுப் போ.

— அக்கா வீட்டுக்குப் போறேன். விஷயத்தை அந்தச் சலவை அறையில இருக்கறவகிட்ட கேளுங்க.

— அங்க துவைக்கிற மெஷின்தானே இருக்கு?

— ஆமாமா, மெஷின்கிட்டதான் தினம் சாயங்காலம் கதவைச் சாத்திக்கிட்டுக் குசுகுசுன்னு பேசறீங்களாக்கும்! என்கிட்ட 'ம்', 'சரி' தவிர வாயே திறக்காத மனுஷன்!

— ஒட்டுக் கேட்டியா?

— என் வீட்டுக் கதவு, என் காது. யார் அவ?

— யாருமில்லடி. அதாவது, நான் போற தியான வகுப்புல கொடுத்த பயிற்சி அது.

— கண்ணை மூடி மூச்சைப் பாக்கற பயிற்சிதானே? அதுல பேச்சு எங்கேர்ந்து வந்துச்சு?

— அது போன மாசம். இப்ப யூதர்கள்ல சிலர் பண்ற தியானத்தைச் சொல்லித் தர்றாங்க. தனியா உக்காந்து, சொந்த பாஷையில, வாய்விட்டுக் கடவுள்கிட்ட பேசணும். சிநேகிதன்கிட்ட பேசற மாதிரி.

— பேசறது தியானமா? அப்ப நான் பொறந்ததுலேர்ந்தே ஞானிதான்.

— கேளேன். லிஃப்ட்ல எடை கூடினா கதவு மூடாதுல்ல? மூச்சைப் பாக்கற முறையில உள்ள இருக்கற ஆளுங்களை ஒவ்வொருத்தரா இறக்கி விடணும். இவங்க முறையில அத்தனை பேரையும் ஏத்திக்கிட்டே மேல போகணும். கோபம், பயம், அழுகை, எல்லாத்தையும்.

— லிஃப்ட் மெக்கானிக்குக்கு எங்க சுத்தினாலும் லிஃப்ட்தான். சரி, சாமிகிட்டயே பேசினதா இருக்கட்டும். அதுவும் எனக்கு எரியுது. இத்தனை வருஷமா பக்கத்துல படுக்கறவ நான். மனசுல இருக்கறதைக் கொட்ட என் காது ஆகாதா?

— உன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஒம்பது வார்த்தை திரும்பி வருது. அடுத்து என்ன சொல்ல வந்தேன்னே எனக்கு மறந்து போகுது.

— பேச்சை மாத்தாதீங்க. 'உன் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு'ன்னு நேத்து உருகினீங்களே, சாமி சிரிச்சு நீங்க எங்க கேட்டீங்க?

— அதாவது...

— அதாவதாம் அதாவது! முந்தாநாள், 'ஜலதோஷத்தோட வேலைக்குப் போகாதே'ன்னு கெஞ்சல். சாமிக்கு ஜலதோஷமா? இங்க ஒருத்தி நாலு நாளா தும்மிக்கிட்டு நிக்கறேன், ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— முதல் நாள் சாமிகிட்டதான் பேசினேன். சத்தியமா.

— அப்புறம்?

— கதவுக்கு அடியில உன் ரெண்டு காலோட நிழல் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் சாமிகிட்ட பேசவே இல்ல.