நம்பர் காட்டாத மெஷின்

— முப்பத்தினாலாம். வயசு இல்ல, உங்க கண்ணு பிரஷர்.

— யாரு சொன்னா?

— கண் ஆஸ்பத்திரி நர்ஸ். உங்க போன் சோபாவுல கிடந்து கத்திட்டு இருந்துச்சு. நீங்க பாத்ரூம்ல கச்சேரி பண்ணிட்டு இருந்தீங்க. நான் எடுத்தேன்.

— எந்தக் கண்ணுல?

— வலது. இடது முப்பது. இருபத்தொண்ணத் தாண்டக்கூடாதாம்.

— கணக்குப் பரீட்சைல கூட நான் அவ்வளவு வாங்கினதில்லையே.

— இளிக்காதீங்க. மத்தியானம் எடுத்ததெல்லாம் பதினெட்டு, பத்தொம்பதுன்னு சமத்தா இருக்காம். விடியக்காலைல எடுத்ததுதான் ஏறி உக்காந்திருக்காம். பத்து நாளும். பகல்ல ஆஸ்பத்திரிக்குப் போனா மாட்டாதுன்னுதான் மெஷின வீட்டுக்கே குடுத்து விட்டாங்களாம்.

— மெஷின் கோளாறா இருக்கும், தாயே.

— அதுக்கென்ன உங்கள மாதிரி கொழுப்பா? கிரேன் லைசன்ஸ எடுங்க.

— எதுக்கு?

— எடுங்க. இந்த மெஷின் டப்பா மேல வைங்க. கம்பெனி செக்கப்புல சந்தேகம்னு சொல்லி லீவுல உக்கார வச்சா, நாளைக்குச் சேர்றதுக்கு இன்னிக்கே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வச்சிருக்கீங்க. ஒண்ணும் கிழிக்க வேணாம்.

— ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு.

— எண்பது மீட்டர் மேல உக்காந்துட்டு, ஓரமா நிக்கிறவனத் தெரியாம, ஒரு கட்டுக் கம்பிய அவன் தலைல இறக்கினா? அவன் பொண்டாட்டி கிட்ட நான் போய் என்ன சொல்றது? எங்க வீட்டுக்காரருக்கு நேரா மட்டும்தான் தெரியும், மன்னிச்சுக்கம்மான்னா?

— நேரா மட்டுமா?

— அப்படித்தான் சொன்னாங்க. இது ஓரத்துலேருந்து தின்னுட்டு வருமாம். வலிக்காது. நேரா பாக்குறது கடைசி வரைக்கும் பளிச்சுன்னு இருக்குமாம். அதனால ஆளுக்கே தெரியாதாம். கதவுல போய் இடிச்சிட்டு கதவத் திட்டுவாங்களாம்.

— ம்.

— என்ன ம்? வாயில என்ன... அய்யய்யோ!

— தம்ளரத் தட்டி விட்டுட்ட.

— தெரியுது. தண்ணிய எவன் இங்க கொண்டாந்து வச்சான்?

— எப்பவும் அங்கதான் இருக்கும். உன் வலது கைப் பக்கம்.

— துணிய எடுங்க. பேச்ச மாத்தாதீங்க.

— நான் மாத்தல.

— பத்து நாளும் ஒழுங்காத்தான எடுத்தீங்க? மேகத்துக்குப் பக்கத்துல உக்காந்து வேலை பாக்குற மனுஷன், தலைமுடி மாதிரி ஒரு குச்சி கண்ணத் தொட்டுட்டுப் போறதுக்கு என்னா அலறல். நீ முதல்ல வச்சுக் காட்டு, நீ முதல்ல வச்சுக் காட்டு. ஒவ்வொரு தடவையும் நான் உக்காந்து, ரெண்டு கண்ணுலயும் வச்சு, பச்சை லைட்டு எரியுது பாருங்க, நான் சாகல பாருங்கன்னு காட்டணும். அதுக்கப்புறம்தான் தொரை மெஷினத் தூக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போவாரு.

— கண்ணாடி அங்கதான இருக்கு.

— கண்ணாடி இருந்தா பாட்டு எதுக்கு?

— தைரியத்துக்கு.

— வெளிய சொல்லிடாதீங்க. கிரேன் சிரிக்கும்.

— அந்த மெஷின் நம்பர் காட்டவே காட்டாதுல்ல?

— காட்டாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடும். காட்டியிருந்தா நீங்க பதினாறுன்னு அடிச்சு விட்டிருப்பீங்க.

— வேற என்ன சொன்னாங்க?

— இன்னிக்கே வரணும். நாலரைக்குள்ள. ஓரப் பார்வைக்கு ஒரு டெஸ்ட் இருக்காம். சொட்டு மருந்து போட்டா இதோட நிறுத்திடலாமாம். போன பார்வை போனதுதான், திரும்பாது. டாக்டர் பாக்குற வரைக்கும் வண்டி, கிரேன் எதையும் தொடக்கூடாது.

— வண்டியும் கூடாதா?

— வண்டியும்தான். ஏன், மூஞ்சி இப்படித் தொங்குது? வேலை போயிடும்னு பயமா? போகட்டும். என் ஸ்கூல் வேன் ஓடுதுல்ல. பதினாலு பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போய், கூட்டிட்டு வந்து, உங்களையும் உக்கார வச்சு சோறு போடுவேன். பதினஞ்சாவது பிள்ளை.

— வேனோட வலது பக்கம் கோடு விழுந்திருக்கே.

— அது கேட்டுல உரசினது.

— ரெண்டு கோடு. இந்த மாசத்துலயே.

— தூணக் கொண்டாந்து நடு வழில நட்டு வச்சிருக்கான், கூறு கெட்டவன்.

— அந்தத் தூண் பன்னண்டு வருஷமா அங்கதான் நிக்குது.

— இப்ப எதுக்கு என் வண்டிக்கு வர்றீங்க? மணி ரெண்டே முக்கால். மூணுக்கு பிள்ளைங்கள விட்டுடுவாங்க. லைசன்ஸக் குடுக்குறீங்களா, இல்ல நானே உங்க இன்ஜினியருக்கு போன் போடவா?

— இந்தா.

— அட. அடிதடி இல்லாமயே வந்திருச்சு. இந்த வீட்டுல இப்படியெல்லாம் நடக்குமா?

— உன் மாத்து டிரைவரக் கூப்பிடு. மூணு மணி ட்ரிப்ப அவரு பாத்துக்கட்டும்.

— எதுக்கு? உங்கள ஆஸ்பத்திரில இறக்கி விடவா? ஆட்டோல போங்க. நான் ட்ரிப்ப முடிச்சிட்டு வந்துடறேன்.

— வேன் சாவியக் குடு.

— உங்களுக்குக் கிறுக்கா? அம்மாந்தூரம் சொல்றேன், வண்டியத் தொடக்கூடாதுன்னு.

— அதான் சாவியக் குடுங்கறேன். பத்து நாளா பாத்ரூம்ல நான் பாட்டு மட்டும்தான் பாடினேன். அந்தக் குச்சி தொட்டதெல்லாம் உன் கண்ணுதான்.