கெழக்கால பத்து வரிசை

– பையக் கீழ வை, ஜெசிந்தா. கேமரா ஓடிக்கினு கீது. சொல்லு, பையில இன்னா?

– அவரை எலை, வெங்கடாசலம் அண்ணா. எங்க ஊட்டுப் பந்தல்ல பறிச்சது.

– உங்க ஊட்டு எலைக்கு என் கத்திரிக்கொல்லியில இன்னா வேல? தோ, எலைக்கு அடியில இன்னாமா ஓடுது பாரு! செம்பேனு! மூணு மாசமா எங்கேர்ந்துடா வருதுன்னு மண்டைய ஒடச்சிக்கினு இருக்கேன். கொணாந்து கொட்டுறது நீயா?

– கண்ணு செவக்க மொறைக்காதீங்கண்ணா. ஓடுதுன்னு நீங்களே சொல்றீங்க. செம்பேனு இப்டி ஓடுமா? அது மெதுவா ஊரும். நூலாம்படை கட்டிக்கினு எலையில குந்திக்கினு உறிஞ்சும். ஓடுறது அத்தத் தின்ற பேனு.

– பேனத் தின்ற பேனா! யாராண்ட கத வுடுற? இந்த வீடியோவ நாளைக்கு கிளியனூர் பூரா அனுப்புறேன். உனக்கும் உன் ஊட்டுக்காரன் அன்புச்செல்வனுக்கும் எவன் வேல குடுக்கிறான்னு பாத்துடுறேன்.

– அனுப்புங்க! வானூர்ப் பக்கம் ரெண்டு வருசம் வெள்ளக்காரங்க தோட்டத்துல வேல செஞ்சவ நான். அங்க லென்சு குடுத்து காட்டுனாங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன், செம்பேனப் புடிச்சி உறிஞ்சி தோலாக்கிப் போடுது. அங்க மருந்துன்னு ஒரு சொட்டு கெடயாது.

– அவுங்களுக்கு இன்னா, பொழுதுபோக்கு! எனக்கு இது ஒண்ணுதான் பயிரு. எலை வெளுத்து, பூ கொட்டி, காய் சூம்பி நிக்குது. மருந்து அடிச்சே இந்தக் கதி. அடிக்காம வுட்டா?

– அடிச்சதாலதான் இந்தக் கதி! மருந்துல மொதல்ல சாவுறது தின்ற பேனு. செம்பேனு முட்டை எலைக்கு அடியில தப்பிச்சிக்கும். அது பொரிச்சி வந்தா, தின்ன ஆளே இல்ல. நீங்க மறுபடியும் டேங்க எடுப்பீங்க. யாரு முதுகுல ஏத்துவீங்க? எங்க ஊட்டுக்காரரு முதுகுல! அஞ்சு தடவ அடிச்சாரு. சோறு பிசைய வெரலு மடங்கல. நேத்துலேர்ந்து வாந்தி. ஏசப்பா, ஒரு வார்த்த கேட்டீங்களா?

– காலையில ஆளு வரலன்னதும் போன் போட்டேனே. எடுக்கல.

– எடுக்கிற நெலமையில கீறாரா?

– சரி, அது வேற. மருந்து கேக்கலன்னு மட்டும் சொல்லாத, சொல்ட்டேன். கெழக்கால பத்து வரிசையப் போய்ப் பாரு, பச்சப்பசேல்னு கீது! நாளைக்கு திண்டிவனத்து மருந்துக்கடைக்காரரு ஆளுங்களக் கூட்டிக்கினு வர்றாரு, அந்த வரிசையக் காட்ட. அதே டேங்கு, அதே மருந்து.

– அதே டேங்குதான். மருந்துதான் இல்ல.

– இன்னா சொன்ன?

– அந்தப் பத்து வரிசைக்கு அவரு வெறும் தண்ணிதாண்ணா அடிச்சாரு. நான்தான் அழுது கேட்டேன். ஒரு மாசமா நான் எலை கொணாந்து கட்டினதும் அங்கதான்.

– புருசனும் பொண்டாட்டியும் சேந்து என் கொல்லியிலயே என்னிய ஏமாத்தியிருக்கீங்க!

– ஆமா, ஏமாத்துனோம்! வேற எப்டி அவரக் காப்பாத்துறது? இனிமே வேலயே வேணாம்னாலும் போறோம். ஆனா இத்தக் கேட்டுக்குங்க. எங்க பந்தலு காஞ்சி போச்சி. இந்தப் பையில கீறது கடைசிப் புடி. ஆனா கெழக்கால வரிசையில தின்ற பேனு நெறைய பெருகிக் கெடக்கு. அந்த எலையக் கிள்ளி கொல்லி பூராப் போட்டா பயிரும் தேறும், அவரும் டேங்கு தூக்க வேணாம். ஜல்தி வாங்க, காட்டுறேன்... இன்னாண்ணா, நின்னுட்டீங்க? அப்பத்துலேர்ந்து ஏன் கண்ணக் கசக்கிக்கினே இருக்கீங்க?

– உன் ஊட்டுக்காரன் வரலன்னு காலையில நானே டேங்க மாட்டிக்கினேன், ஜெசிந்தா. கடைக்காரரு வர்றாரேன்னு... கெழக்கால பத்து வரிசைக்கும் மருந்த ரெண்டு பங்கா கலந்து அடிச்சிட்டேன்.