தனியாகச் சாப்பிட்டவர்கள்

என்னிடம் வேலை பார்த்த யாரையும் நான் 'நீ' என்று அழைத்ததில்லை. மூட்டை தூக்குகிறவரும் எனக்கு 'நீங்கள்'தான், தரை துடைக்கிறவரும் 'நீங்கள்'தான். விசாரித்திருப்பீர்கள். அதட்டினேன் என்றோ கை ஓங்கினேன் என்றோ ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் சலவை ஆலைக்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் வரும். ஒரு கோடியில் அழுக்கு மலை, மறு கோடியில் மடித்த வெள்ளை, நடுவில் உருளை. கொதிக்கும் இரும்பு உருளைகள் ஒன்றையொன்று ஒட்டிச் சுழன்றுகொண்டிருக்கும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் ஓரத்தைப் பிடித்து உள்ளே ஊட்டுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். ஊட்டுகிறவர்களின் இடுப்புயரத்தில் ஒரு சிவப்புக் கயிறு ஓடும். இழுத்தால் உருளை நிற்கும். நின்றால் சூடு இறங்கிவிடும். மறுபடி சூடேறும்வரை ஆலை முழுவதும் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும்.

எனக்கு முன்பிருந்த மேலாளரை அவர்கள் 'பெரியப்பா' என்று கூப்பிட்டார்களாம். தோளில் கை போட்டுப் பேசுகிற ரகம். சுவரில் சூரிய உதயப் படம் ஒன்றை மாட்டி, கீழே 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதிவைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் யாராவது தும்மினால்கூடக் கயிறு இழுபட்டது. பெரியப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆட்களை ஊக்கப்படுத்துவது பற்றி எனக்கும் வகுப்பு எடுத்தார்கள். மனிதர்களுக்கு வேண்டியது பாராட்டு என்றார் அந்தப் பேராசிரியர். பாவம், அவர் பசியோடு நிற்கும் வரிசையைப் பார்த்ததில்லை. மனிதர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பக்கத்தில் இருப்பவர் தன்னைவிட ஒரு கவளம் அதிகமாகச் சாப்பிட்டுவிடக் கூடாது. அடியாத மாடு படியாது என்பார்கள். அந்த மாட்டைத் தொடவே வேண்டாம். மற்ற மாடுகளின் தீவனத்தைக் குறைத்தால் போதும்.

எனவே ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். உருளை நின்ற நேரத்தை எல்லோருடைய சாப்பாட்டு இடைவேளையிலும் கழித்துக்கொள்வது. கயிற்றை இழுத்தவருக்கு மட்டும் விலக்கு. அவருக்கு முழு இடைவேளை.

முதலில் மாட்டியவர் சோடாபுட்டி. கண்ணாடி தடிமனைப் பார்த்து மற்றவர்கள் வைத்த பெயர். நான் அப்படி அழைத்ததில்லை. விரிப்பின் சுருக்கத்தை யாருடைய விரலோ என்று நினைத்து இழுத்துவிட்டார். நானே இறங்கிப் போனேன்.

"பயந்துட்டீங்க. பரவாயில்ல, நல்ல மனசு. போய் உக்காந்து நிதானமா சாப்பிடுங்க."

"இல்ல சார், எல்லாரும் வரட்டும், சேந்தே சாப்பிட்டுக்கிறேன்."

"அவங்க வர நேரமாகும். நீங்க போங்க."

சாப்பாட்டு அறைக்குக் கண்ணாடிச் சுவர். அவர் உள்ளே ஒற்றையாக உட்கார்ந்து மென்றதை மற்றவர்கள் வேலை செய்துகொண்டே பார்த்தார்கள். பாதியிலேயே டப்பாவை மூடிவிட்டார். வெளியே வந்தபோது ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது: "என்ன மாப்ள, விருந்து பலமா? ஏப்பமாவது சத்தமா விடுங்க, நாங்க மோந்துட்டாவது வயித்த நிரப்பிக்கிறோம்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்து இன்னொரு ஆலையையே நடத்தலாம்.

அடுத்தது அந்த அக்கா. உருளைக்கு ஊட்டுவது அவரும் அவருடைய தங்கையும்தான். தங்கையை எல்லோரும் 'குட்டி' என்பார்கள். துணிக்குள் மருத்துவமனைக் கத்தரிக்கோல் ஒன்று போவதைப் பார்த்து அக்கா கயிற்றை இழுத்தார். நியாயமான காரணம்தான். அதையும் நான் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சொல்லிவிட்டுச் சாப்பிட அனுப்பினேன்.

அன்றைக்குக் குட்டி அக்காவோடு வீட்டுக்குப் போகவில்லை. தனியாக முன்னால் நடந்தாள். அக்கா பின்னாலேயே போனார். ஆலை வாசலில் நின்றிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"ஏய், நில்லுடி. கத்தரிக்கோல் உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"என்ன ஆயிருக்கும்? கத்தரிக்கோல் சூடாயிருக்கும். என் வயிறு நிறைஞ்சிருக்கும்."

"ஒனக்கு அடிபட்டிருந்தா?"

"பட்டா நான் பாத்துக்கறேன். எனக்காக நீ எதையும் இழுக்க வேணாம், புரியுதா? அவளுங்க வாயில விழுந்து எந்திரிக்க என்னால முடியாது."

கூடப் பிறந்தவள் அப்படிப் பேசுகிறாள். பெரியப்பாவின் குடும்பம் எவ்வளவு மெல்லிய துணியால் ஆனது, பாருங்கள்.

அதன் பிறகு கயிறு அசையவே இல்லை. ஒருநாள் பார்த்தால், கயிற்றைச் சுருட்டி மேலே ஓர் ஆணியில் கட்டிவைத்திருந்தார்கள். தெரியாமல் யாருடைய இடுப்பாவது உரசிவிடக் கூடாதாம். நான் சொல்லவில்லை, குறிப்பால்கூடக் காட்டவில்லை. அவர்களாகவே கட்டினார்கள். அவிழ்க்கச் சொல்வது என் கடமை என்று உங்கள் சட்டம் சொல்லும். நான் அந்த ஆணியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல கவிதையை வாசித்தவனுக்கு வருகிற அமைதி எனக்கு வந்தது.

சம்பவம் பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் நடந்தது. குட்டியின் சட்டைக் கை ஈர விரிப்போடு சுற்றிக்கொண்டது. முதலில் விரல்கள் போயின, பிறகு மணிக்கட்டு. அவள் கத்தவில்லை. அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம் என்பது போல இருந்தது. வலியாகவும் இருக்கலாம்.

அக்கா எக்கினால் கயிறு எட்டும். எக்கினார். ஆணிவரை கை போனது. அங்கே நின்றது. திரும்பி, மேலே என் அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தை நீங்கள் சரியாக எழுத வேண்டும். அவர் உதவி கேட்கவில்லை, அனுமதி கேட்டார். தங்கையின் கை உருளைக்குள் இருக்கும்போது அனுமதி கேட்டார்.

நான் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று.

அவர் கையை இறக்கிவிட்டு, தங்கையின் இடுப்பைப் பிடித்து வெறுங்கையால் இழுத்தார். மடிக்கிற பக்கத்திலிருந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். கடைசியில், கை தோள்வரை போன பிறகு, ஓடிவந்து ஆணியிலிருந்து கயிற்றைப் பிய்த்து இழுத்தவர் சோடாபுட்டி. அவருக்கு அவ்வளவு தூரம் பார்வை எட்டாது. நான் தலையசைத்தது அவருக்குத் தெரியவில்லை. இழுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

குட்டி மருத்துவமனையில் இறந்துபோனாள். நான் போய்ப் பார்த்தேன். போர்த்தியிருந்த விரிப்பு எங்கள் ஆலையில் தேய்த்தது. மடிப்புக் கோடு நேராக இருந்தது.

நிர்வாகத்தின் அறிக்கையை நீங்களும் படித்திருப்பீர்கள்: 'தொழிலாளர்களின் கவனக்குறைவு.' அக்காவும் அதையே சொல்லியிருக்கிறார். "கயித்த நாங்கதான் சார் கட்டுனோம். தப்பு எங்களோடதுதான்." என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் அந்த வரியை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கவனக்குறைவாம். யாரும் சொல்லாமல் ஒரு விரிப்பைக்கூட நேராக மடிக்கத் தெரியாதவர்கள், இவ்வளவு துல்லியமான ஒன்றைத் தாங்களாகவே செய்துவிட்டார்களாம்.

நீங்கள் இன்னும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மேசை மேலும் உருளையை நிறுத்தும் பொத்தான் உண்டு. பழுது என்று அறிக்கையில் இருக்கிறது. பழுதில்லை. என் விரல் ஆரம்பத்திலிருந்தே அதன் மேல்தான் இருந்தது. அழுத்தியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள். அழுத்தியிருந்தால் அவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அந்த அக்காவை மேற்பார்வையாளராக உயர்த்தச் சொல்லிப் பரிந்துரைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார், பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். நன்றி சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைக்கிறேன்.